குருதியும் கொடியும்

 சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஆராயும் இவ்வரிசையில் இன்று இரண்டு சொற்குடும்பங்களை எடுத்துக்கொள்கின்றேன். ஒன்று, குருதி என்னும் பொருளில் தமிழில் வழங்கும் சொற்கள். மற்றையது, கயிறு, கொடி, நாண் என்னும் பொருளில் வழங்கும் சொற்கள். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். அத்தொடர்பை எனக்கு உணர்த்தியவன் என்னிடம் படித்த ஒரு மாணவன். ஆகவே அவனிலிருந்தே தொடங்குகின்றேன்.

2017 ஆம் ஆண்டு. தரம் 11 மாணவருக்குத் தவணைப் பரீட்சை வைத்திருந்தேன். சொற்பொருள் விளக்கம் கேட்ட வினாவில் 'சகோதரன்' என்பதும் ஒன்று. ஒரு மாணவன் 'ஒரே உதிரத்தில் பிறந்தவன்' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையினால் 'உதிரத்தில்' என்பதை வெட்டி, 'உதரத்தில்' என்று மேலே எழுதி, ஒரு புள்ளியைக் குறைத்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது வகுப்புக்கும் விளக்கினேன். உதிரம் என்றால் இரத்தம். உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவர் சகோதரர். ஓர் எழுத்து மாறினாற் பொருள் மாறும் என்றேன். நல்ல பாடம் என்றுதான் நினைத்தேன்.

அவன் எழுந்து, "சேர், அப்ப ஒரே வயித்திலை பிறக்காட்டி அவர் அண்ணா இல்லையோ?" என்று கேட்டான். வகுப்பில் இரண்டொருவர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. 2009 இல் தாயையும் தகப்பனையும் இழந்து, செட்டிகுளம் முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்ட பிள்ளை அவன் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெடியனைத்தான் அவன் அண்ணா என்று அழைப்பான். இரத்தமும் இல்லை, வயிறும் இல்லை. நான் விடை சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மணி அடித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவனுக்குக் கடன்பட்ட அந்த விடையைத் தேடியபோது கண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் குருதிச் சொற்கள். நிகண்டுகளையும் அகராதிகளையும் புரட்டினால் தமிழில் இதற்குப் பத்துக்கு மேற்பட்ட சொற்கள் அகப்படும். குருதி, இரத்தம், உதிரம், சோரி, செந்நீர், புண்ணீர், நெய்த்தோர், எருவை, அரத்தம், சோணிதம் என்பன அவற்றுட் சில. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் எதற்கு? பெயரிட்டவன் அப்பொருளின் எந்தக் கூற்றைக் கண்டு பெயரிட்டான் என்று நோக்கினால் விடை கிடைக்கும்.

பெரும்பாலோர் கண்டது நிறத்தை. குருதி என்பது பழந்தமிழ்ச் சொல். சங்கச் செய்யுட்களிற் போர்க்களம் வரும் இடமெல்லாம் இது வரும். குறுந்தொகையின் முதற் பாட்டிலே, முருகனுடைய மலையிற் பூக்கும் காந்தள் குருதியின் நிறம் கொண்ட பூவாகச் சொல்லப்படுகின்றது. குரு என்றால் நிறம் என்று தொல்காப்பியர் உரியியலிற் கூறுவர். அக் குரு என்னும் அடியினின்றே குருதி தோன்றியது என்பது தமிழறிஞர் பலர் கருத்து. குருதி என்பதற்குச் சிவப்பு என்றும், செவ்வாய்க் கோள் என்றும் அகராதிகள் பொருள் தருவது இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. மலையாள நாட்டுக் கோயில்களில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் நீரிற் கலந்து சிவக்கச் செய்து அம்மனுக்குப் படைப்பார்கள். அந்நீருக்கும் அவ்வழிபாட்டுக்கும் பெயர் குருதி. நம்முடைய வீடுகளில் ஆலாத்தி எடுக்கும் நீரும் அதே மஞ்சளும் சுண்ணாம்புமே அன்றோ?

இரத்தம் என்பது வடசொல். 'ரக்த' என்னும் அச்சொல்லின் முதற்பொருள் சாயமேற்றப்பட்டது, சிவந்தது என்பதாம். இசையில் நாம் சொல்லும் இராகம் என்பதும் இதே வேரினின்று வந்ததே. மனத்துக்குச் சாயம் ஏற்றுவது இராகம்; உடம்புக்குச் சாயம் ஏற்றுவது இரத்தம். உதிரம் என்பதும் வடசொல்லே. 'ருதிர' என்பது மூலம். அதற்கும் சிவப்பு என்பதே அடிப்பொருள். ஆங்கிலத்திற் சிவப்பைக் குறிக்கும் 'ரெட்' என்ற சொல்லும் இதுவும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்பது மொழிநூலார் முடிபு. சோணிதம் என்பதற்கும் சிவப்பே பொருள். திருவண்ணாமலையைச் சோணாசலம் என்பது அது செம்மலை என்பதனால். சித்த வைத்தியர் சொல்லும் சுரோணிதமும் இச்சொல்லின் திரிபே.

இங்கே இலக்கணச் சுவை ஒன்று உண்டு. ரகரம் தமிழிற் சொல்லுக்கு முதலில் வராது. அவ்வாறு வரும் வடசொற்கள் தமிழுக்குள் நுழையும்போது அ, இ, உ என்னும் மூன்று உயிர்களுள் ஒன்றைத் துணையாகக் கூட்டிக்கொண்டு வரும் என்று நன்னூலார் விதிப்பர். அரங்கம், இராமன், உரோமம் என்பன வகுப்பில் நாம் சொல்லும் எடுத்துக்காட்டுகள். குருதிச் சொற்களிலேயே இம்மூன்றையும் காட்டலாம். ரக்தம் என்பது அகரம் பெற்று அரத்தம் ஆயிற்று. இகரம் பெற்று இரத்தம் ஆயிற்று. ருதிரம் என்பது உகரம் பெற்று, நடுவிலிருந்த ரகரம் தேய்ந்து உதிரம் ஆயிற்று. ஒரே பொருளுக்கு மூன்று வாயில். மாணவர்க்கு இவ்விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

உதிரம் பற்றி ஒரு மயக்கமும் உண்டு. உதிர்வதால் உதிரம் என்று சொல்வோர் பலர். உதிரப்போக்கு என்ற வழக்கு அந்த எண்ணத்துக்கு இடங்கொடுக்கின்றது. இலை உதிரும், பூ உதிரும், மயிர் உதிரும். நீர்ப்பொருள் உதிர்வதில்லை, ஒழுகும் அல்லது சொரியும். ஆகவே உதிரத்துக்கும் உதிர்தலுக்கும் ஒலி ஒற்றுமை அன்றி உறவு இல்லை.

சொரிதல் என்றேன். அதனை வைத்துப் பெயரிட்டோரும் உளர். சோரி என்பது சொரி என்னும் வினையினின்று வந்ததாகக் கருதப்படும் சொல். கம்பராமாயணப் போர்க்காட்சிகளில் இதனைக் காணலாம். தமிழ்ப் பேச்சில் இன்று சோரி இல்லை. ஆனால் மலையாளத்தார் இன்றும் அன்றாடப் பேச்சில் இரத்தத்தைச் 'சோர' என்றே சொல்கின்றார்கள். செந்நீர், புண்ணீர் என்பன கண்ணீர், தண்ணீர் போன்று தாமே பொருள் விளங்குவன.

இவற்றுள் என்னை மிகக் கவர்ந்தது நெய்த்தோர் என்னும் சொல். இதுவும் சங்கச் சொல்லே. இப்பெயரை இட்டவன் நிறத்தைப் பார்க்கவில்லை, ஓட்டத்தையும் பார்க்கவில்லை, தொட்டுப் பார்த்திருக்கின்றான். நெய் போலக் கையில் ஒட்டிக்கொள்ளும் அப்பிசுபிசுப்பே அவனுக்குப் பெயராகியது. நெய்த்தோர் என்று நான் சந்தைக்குப் போய்ச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. ஆனால் கன்னடத்தில் அது 'நெத்தரு' என்றும், தெலுங்கில் 'நெத்துரு' என்றும் இன்றும் உயிரோடு இருக்கின்றது. ஒரு வீட்டிற் பிறந்த பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டதுபோல, மலையாளி சோரியை எடுத்துக்கொள்ள, கன்னடரும் தெலுங்கரும் நெய்த்தோரை எடுத்துக்கொண்டனர். நாம் குருதியை வைத்துக்கொண்டோம்.

எருவை என்ற சொல்லையும் சொல்லவேண்டும். பருந்தினத்துப் பறவை, செம்பு, குருதி, கோரைப் புல் என்று அதற்குப் பல பொருள் உண்டு. செம்பும் குருதியும் நிறத்தால் ஒன்றாகும். கோரையோ நம் நாட்டிற் பாயாக முடையப்படுவது. குருதியையும் கோரையையும் ஒரே சொல் குறிப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அகராதியில் அவ்விரண்டையும் அருகருகே கண்டபோது சற்றுநேரம் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தேன்.

இனி வழக்கு. நம் நாட்டுத் தமிழுக்கும் தமிழகத் தமிழுக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. தமிழகத்துப் பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் இரத்த அழுத்தம், இரத்த ஓட்டம் என்று எழுதுவார்கள். நம் பாடநூல்களில் அவை குருதி அமுக்கம், குருதிச் சுற்றோட்டம். அவர்களுடைய தமனியும் சிரையும் நமக்கு நாடியும் நாளமும். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயிலிருந்து மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற பெருநூல்களை அச்சேற்றிய மண் இது. பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளும் அவ்வழியில் வந்தன. ஆகவே குருதி என்ற இரண்டாயிரம் ஆண்டுச் சொல் நம் பிள்ளைகளின் விஞ்ஞானக் கொப்பியில் இன்றும் இருக்கின்றது. ஆனால் வைத்தியசாலை வரிசையில் நிற்கும் ஆச்சிக்கு அது 'பிறசர்'தான். சிங்களத்திலும் இதே நிலை உண்டு. விஞ்ஞானத்தில் 'ருதிரய', வீட்டில் 'லே'. அந்த 'லே' என்பது 'லோஹித' என்பதன் தேய்வு. லோஹித என்றாலும் சிவப்பே.

இனிக் கயிற்றுக்கு வருவோம்.

கயிறு என்பது திராவிட மொழிகளுக்குரிய சொல். மலையாளத்திற் 'கயர்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய்க் 'கொயர்' ஆயிற்று. தேங்காய் மட்டையை நீரில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பெடுத்து, அத்தும்பை முறுக்கித் திரிப்பது தும்புக் கயிறு. கயிறு திரிப்பவர் ஒருவரிடம் நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரு தும்பின் நீளம் சிறிதே. ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதும் இல்லை. ஒரு தும்பு முடியுமுன் இன்னொரு தும்பைச் செருகி முறுக்குகின்றார். முறுக்கிய புரிகளை எதிர்ப்பக்கமாக மீண்டும் ஒன்றோடொன்று முறுக்குகின்றார். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும் தும்பு அந்தக் கயிற்றில் ஒன்றுமே இல்லை. ஆயினும் மாட்டைக் கட்டினால் அது அறாது.

நாண் என்பதன் பழைய வடிவம் ஞாண். ஞண்டு நண்டு ஆனதுபோல ஞாண் நாண் ஆயிற்று. மலையாளத்தில் இன்றும் ஞாண்தான். வில்லின் கயிறு நாண். கழுத்தில் ஏறினால் மங்கலநாண். அரையிற் கட்டினால் அரைஞாண். குழந்தைக்குக் கட்டும் அந்த அரைஞாண்கொடி நம் பேச்சில் அருணாக்கொடி ஆகிவிட்டது. இச்சொல்லை எங்கள் விஞ்ஞான ஆசிரியர்களும் கைவிடவில்லை. தமிழகத்தார் தண்டுவடம் என்பதை நாம் முண்ணாண் என்கின்றோம். முள் என்பதும் நாண் என்பதும் சேர்ந்து, ளகரம் ணகரமாகத் திரிந்து முண்ணாண் ஆயிற்று. புணரியல் படிக்கும் மாணவர் உயிரியற் புத்தகத்திலும் நன்னூலைக் காணலாம் என்பதற்கு இது சான்று.

வடம் என்பது பெருங்கயிறு. தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்களுக்கு அதன் பருமன் தெரியும். நூல் என்பது மெல்லிய இழை. புத்தகத்துக்கும் அதுவே பெயர். நன்னூற் பாயிரம் இதற்கு அழகான உவமை சொல்கின்றது. சொல் பஞ்சு; செய்யுள் இழை; புலவன் நூற்கும் பெண்; அவன் வாய் அவள் கை; அவன் அறிவு நூற்கும் கதிர். செய்யுளுக்கு யாப்பு என்று பெயர் வைத்ததும் கட்டுதல் என்னும் பொருளில். சீருக்கும் சீருக்கும் இடையில் உள்ள உறவைத் தளை என்றதும் அப்பொருளில். தமிழாசிரியன் நாள் முழுவதும் கயிறுகளோடுதான் வேலை செய்கின்றான் போலும்.

கொடி என்னும் சொல்லோ இவை எல்லாவற்றிலும் வளமானது. படர்வது கொடி. பறப்பது கொடி. உடுப்புக் காயவிடுவதும் கொடி. யாழ்ப்பாணத்திற் 'கொடி' என்று தனியே சொன்னால் அது தாலிக்கொடியே. "கொடி எத்தினை பவுண்?" என்று கேட்டால் செடிகொடியைப் பற்றிக் கேட்கின்றார் என்று இங்கே ஒருவரும் எண்ணமாட்டார். பசு கன்று ஈன்றபின் விழுவது இளங்கொடி. அதனை ஓலையிலோ சாக்கிலோ பொதிந்து ஆல்போன்ற பால்மரத்திற் கட்டிவிடும் வழக்கத்தை எங்கள் ஊரிற் சிறுவயதிற் பார்த்திருக்கின்றேன். பசு பால் பொழியவேண்டும் என்பது அதன் கருத்து.

இக்கொடிகளுள் தலையாயது தொப்புள்கொடி. தொப்புள் என்பதற்குக் கொப்பூழ், பொக்குள் என்றும் வடிவங்கள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில், திருமாலின் உந்தித் தாமரையைச் சொல்லும் இடத்திற் கொப்பூழ் என்றே வருகின்றது. கன்னடத்திற் பகரம் ஹகரமாகி 'ஹொக்குளு' என்பர். ஒரு வீட்டுப் பிள்ளைகளின் முகச்சாயல் இங்கும் தெரிகின்றது.

இந்தத் தொப்புள்கொடியிலேதான் குருதியும் கொடியும் சந்திக்கின்றன. அதனுள்ளே பொதுவாக மூன்று குழாய்கள் உள்ளன. இரண்டு நாடி, ஒரு நாளம். அவை நேராகச் செல்வதில்லை. ஒன்றையொன்று சுற்றி முறுகியே செல்லும். நிறைமாதக் குழந்தையின் கொடி ஏறத்தாழ 50 முதல் 60 சென்ரிமீற்றர் நீளம். இயற்கை திரித்த முப்புரிக் கயிறு என்றே சொல்லலாம். இவ்வளவும் எங்கள் பாடசாலை உயிரியல் ஆசிரியரிடம் கேட்டறிந்தவை. அவர் மேலும் ஒன்று சொன்னார். அதுவே எனக்குப் புதுமை. தாயின் குருதி அக்கொடி வழியாகக் குழந்தைக்குள் ஓடுவதில்லை. பாடநூல்கள் சூல்வித்தகம் என்று கூறும் நஞ்சுக்கொடியில் இரு குருதியும் மிக நெருங்கி வருகின்றன. உணவும் ஒட்சிசனும் மெல்லிய சுவரைத் தாண்டிச் செல்கின்றன. குருதியோ வழமையாகக் கலப்பதில்லை. குழந்தை தன் குருதியைத் தானே உண்டாக்கிக்கொள்கின்றது. 'என்ரை இரத்தம்' என்று தாய் சொல்வது அன்பினால், உடற்கூற்றினால் அன்று.

இது வெறும் பாடம் அன்று என்பதை 2019 இல் அறிந்தேன். என் தாயாருக்குக் கொழும்பில் ஒரு வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை நடந்தது. இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். நாங்கள் பிள்ளைகள் மூவரும் கையை மடித்துக்கொண்டு போய் நின்றோம். அம்மாவின் இரத்தம் ஓ வகை. காலஞ்சென்ற எங்கள் தகப்பனாருடையது ஏபி. அப்படியான பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளை ஏ ஆகவோ பி ஆகவோ இருக்கும். பொதுவாக ஓ ஆக இராது. ஓ வகைக்காரருக்கோ ஓ வகை இரத்தத்தை மட்டுமே ஏற்றலாம். குருதி வகைகளை 1901 இல் உலகுக்கு அறிவித்தவர் கார்ல் லாண்ட்ஸ்ரைனர். அதற்காக 1930 இல் நோபல் பரிசும் பெற்றார். அக்குருதி வகைக் கணக்கின்படி, அம்மா பெற்ற மூன்று பிள்ளைகளில் ஒருவருடைய இரத்தமும் அம்மாவுக்கு ஆகாது. உலகத்தில் வேறு எவரோ ஒருவருடையதுதான் ஆகும்.

இரத்த வங்கியிலிருந்து பொதி வந்தது. அதிலே ஓர் எண்ணும் இரத்த வகையும் இருந்தன. கொடுத்தவர் பெயர் இல்லை. ஊரும் மதமும் மொழியும் தெரியா. அதனை ஏற்றிய தாதி ஒரு சிங்களப் பிள்ளை. மணிக்கட்டில் வெள்ளை நூல் ஒன்று கட்டியிருந்தாள். அம்மா அதனைக் காட்டி என்னவென்று கேட்டார். "பிரித் நூல, அம்மா" என்றாள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் 'நூல்' என்றது விளங்கிவிட்டது. சிங்களத்து 'நூல' தமிழ் நூலிலிருந்து சென்ற சொல் என்பதை அவ்விடத்தில் நான் விளக்கவில்லை. அம்மா தம்முடைய கையைத் தூக்கிக் கௌரிக் காப்பைக் காட்டினார். கேதாரகௌரி விரதத்துக்குக் கட்டுவது. 21 இழை கொண்டது. அவளுக்கும் விளங்கியது.

வீட்டுக்கு வந்தபின் அம்மா என்னிடம், "ஆற்றை இரத்தமோ தெரியேல்லை. கோயிலிலை ஒரு அருச்சனை செய்துவிடு தம்பி" என்றார். பெயரும் நட்சத்திரமும் இல்லாமல் எப்படிச் செய்வது என்று கேட்டேன். "சுவாமி பேருக்குச் செய்" என்றார். செய்தேன்.

அன்றிரவுதான் அம்மாணவனின் கேள்வி எனக்கு மீண்டும் வந்தது. பெற்ற பிள்ளைகளின் இரத்தம் உதவவில்லை. ஆயினும் அம்மாவுக்கும் எங்களுக்கும் இடையில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அப்படியானால் நாம் இரத்த உறவு என்று சொல்லும்போது உண்மையில் எதனைச் சொல்கின்றோம்?

நம் பேச்சிலுள்ள வினைகளைக் கவனியுங்கள். உறவு இறுகுகின்றது, தளர்கின்றது, அறுந்துபோகின்றது என்கின்றோம். முறுக்கிக்கொண்டு நிற்கின்றான் என்கின்றோம். கோபம் வந்தால் இரத்தம் கொதிக்கும். பயம் வந்தால் இரத்தம் உறையும். உறவு கொதிப்பதும் இல்லை, உறைவதும் இல்லை. உறவுக்கு நாம் கொடுக்கும் வினையெல்லாம் கயிற்றின் வினை. பெயர்களும் அவ்வாறே. சொந்தபந்தம் என்பதில் உள்ள பந்தம் கட்டு. சம்பந்தம் என்பது நன்றாகக் கட்டுதல். பந்து என்னும் உறவினனும் கட்டுண்டவனே. சுற்றம் என்பது சுற்றி நிற்பது. தொடர்பு என்பதன் அடியான தொடர் என்னும் சொல்லுக்குச் சங்கிலி என்றும் பொருள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாசம். வடமொழியிற் பாசம் என்றால் கயிறு, கண்ணி. யமன் கையில் இருப்பது அது. அதனைப் பாசக்கயிறு என்னும்போது கயிறு என்பதையே இருமுறை சொல்கின்றோம். சைவ சித்தாந்தத்திற் பதி, பசு, பாசம் என்ற முப்பொருளில் உயிரைக் கட்டியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுக்குப் பாசம் என்று பெயர். அங்கே அது அறுக்கப்படவேண்டியது. ஆனால் அதே சொல் நம் வீட்டுக்குள் வந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்கும் அன்புக்குப் பெயராகிவிட்டது. இங்கே அது அறாமற் காக்கப்படவேண்டியது. காலையிற் சைவசமய பாடத்தில் ஒன்றும், பிற்பகலில் தமிழ்ப் பாடத்தில் மற்றொன்றும் சொல்லும் எனக்கு, இவ்விரண்டும் முரண் என்று தோன்றியதில்லை. கட்டின் வலிமையை அறிந்தவனே அதனைத் தளை என்றும் சொல்வான், துணை என்றும் சொல்வான்.

இப்பொழுது இரத்தபாசம் என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். முற்பாதி குருதி, பிற்பாதி கயிறு. நாம் முற்பாதியை அழுத்திச் சொல்லிப் பழகிவிட்டோம். பொருள் இருப்பது பிற்பாதியில். தொப்புள்கொடியோ பிறந்தவுடன் வெட்டப்பட்டுவிடுகின்றது. அதன்பின் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் இருப்பதெல்லாம் ஊட்டியும் தூக்கியும் இரவில் விழித்தும் நாளுக்கு நாள் திரித்த கயிறுதான். தும்புக் கயிற்றைப் போலவே அதில் முனைக்கு முனை ஓடும் ஒற்றைத் தும்பு இல்லை. புதிதாக ஒரு தும்பைச் செருகினாலும் கயிறு ஏற்றுக்கொள்ளும்.

சகோதரன் என்ற சொல் வயிற்றைக் கொண்டு பிறந்தது. அது அச்சொல்லின் வரலாறு; அதனை மாற்ற முடியாது. ஆனால் அம்மாணவன் என்னிடம் கேட்டது சகோதரனைப் பற்றியன்று, அண்ணாவைப் பற்றி. அண் என்பது மேல் என்னும் பொருளுடைய அடி. வாயின் மேற்பகுதி அண்ணம். மேலே பார்ப்பது அண்ணாந்து பார்ப்பது. அந்த அடியிலிருந்தே அண்ணன் என்ற சொல்லும் வந்தது என்பர் தமிழறிஞர். அவ்வாறாயின் அச்சொல்லில் உதிரமும் இல்லை, உதரமும் இல்லை. ஒரு சிறுவன் அண்ணாந்து பார்க்க, அவனுக்கு மேலே ஒருவன் நிற்கின்றான். அவ்வளவுதான். அந்நாளில் நான் சொல்லியிருக்கவேண்டிய விடை இதுவே.

2023 இல் அவன் பாடசாலைக்கு வந்தான். உயரமாக வளர்ந்திருந்தான். கையில் அண்ணாவின் கலியாணக் காட் இருந்தது. ஆசிரியர் அறையில் அவனை இருத்தி, அண்ணம், அண்ணாத்தல், அண்ணன் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "சேர், அண்டைக்கு வீட்டை போய் அண்ணாட்டையும் இதைக் கேட்டனான்" என்றான். அண்ணா என்ன சொன்னார் என்று கேட்டேன். "கொப்பியை வாங்கிப் பாத்திட்டு, எழுத்துப் பிழைதானே, திருத்தி எழுது எண்டார்" என்றான்.

நேயர்களே, அன்று நான் குறைத்த ஒரு புள்ளி சரியானதே. உதிரம் வேறு, உதரம் வேறு. பிள்ளைகள் அவ்வேறுபாட்டை அறிந்தே ஆகவேண்டும். ஆனால் சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, அச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பவன் யார் என்பதையும் ஆசிரியன் அறிந்திருக்கவேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டேன்.